வளையாத கழி

லுவோயாங்
2018 மார்ச் 12

சூஹோங்,

உன் கடை முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். நம் படத்தில் நீ என்னை அடிக்கும் காட்சியின் மேலேயே அது ஓடியது. ஜின்ஹுவா நகரம், தெருப் பெயர், கதவு எண், பக்கத்தில் என்ன கடை என்பது வரைக்கும் வெள்ளை எழுத்தில் ஓடியது. எழுதி எடுத்துக்கொள்ள நான் படத்தை இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. தொலைபேசி எண்ணும் ஓடியது. கூப்பிட்டால் உன் குரலைக் கேட்க வேண்டும். அதனால்தான் கடிதம்.

நீ இதையெல்லாம் பார்க்கிறவள் இல்லை என்று நினைக்கிறேன். இப்போதைய பிள்ளைகள் போனில் படம் பார்த்துக்கொண்டே அதன் மேல் எழுதுகிறார்கள். எழுதியது அந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. அடுத்து யார் பார்த்தாலும், அந்த நொடி வரும்போது அந்த வரியும் திரையில் ஓடுகிறது. தோட்டா வரி என்று அதற்குப் பெயர். ஒரே நேரத்தில் நூறு இருநூறு பாயும்.

நான் இப்போது ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் வாசல் காவல் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு மத்தியானம் சாவிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் மூன்று பெண்கள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போனிலிருந்து ஓர் அலறல் வந்தது. அது என் அலறல். பதினொரு வருடம் ஆனாலும் அது யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

"என்ன படம்டி அது?"

"பழைய படம் அத்தை. செம்பாறைக் கோட்டை. இந்த அடியைப் பாருங்களேன், செம காமெடி."

பார்த்தேன். 'முன்னால பெரிய அடி வருது, சோத்தைக் கீழ வை' என்று ஒரு வரி ஓடியது. பிறகு நீ கழியைச் சுழற்றினாய். அதன் முனை என் இடது கண்ணுக்குள் போனது. உடனே திரை முழுக்க 233, 233, 233.

"அது என்ன நம்பர்?"

"விழுந்து விழுந்து சிரிக்கிறதுன்னு அர்த்தம் அத்தை."

அவர்களுக்கு என் பொய்க் கண் தெரியும். அது எப்படி வந்தது என்பது தெரியாது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் யாரோ ஒருவன் மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தான். 'முந்தின ஷாட்ல கழி வளையுது. இதுல வளையல. இது பிரம்பு இல்ல, இரும்பு.'

அன்று ஆஸ்பத்திரியில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "அக்கா, பிரம்போட ரப்பர் முனை கழண்டுடுச்சு அக்கா, நான் கவனிக்கலை" என்றாய். நான் நம்பினேன். பதினொரு வருடமும் நம்பினேன்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். உன் கையில் இருந்தது பிரம்பா, இரும்பா?

தாவ் குய்லிங்


ஜின்ஹுவா
மார்ச் 20

குய்லிங் அக்காவுக்கு,

பிரம்புதான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இத்தனை வருடம் கழித்து ஒரு கடிதம் போட்டிருக்கிறீர்கள். அதில் நன்றாக இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெங்ஃபெங் சண்டைப் பள்ளியில் ஒன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே வாத்தியாரிடம் அடிவாங்கி, சினிமா வேலைக்கு ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் நாம். உங்களுக்கு டூப் வேலை கிடைத்த அன்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடியவள் நான். அதெல்லாம் ஒரு மஞ்சள் வரியில் போய்விடுமா?

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் கடையின் இரும்புக் கதவில் சிவப்புப் பெயின்ட் ஊற்றி 'கண்ணைக் கொடு' என்று எழுதியிருந்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஜின் அப்பாவி. ஒவ்வொருத்தனிடமும் "ராங் நம்பருங்க" என்று மரியாதையாகச் சொல்லி வைக்கிறார். அவர்கள் அதையும் பதிவு செய்து எங்கோ போட்டுச் சிரிக்கிறார்கள்.

புதன்கிழமை ஒருத்தன் வந்தான். ஆட்டுக்கறி நூடுல்ஸ் கேட்டான். சாறு ஒரு சொட்டு விடாமல் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையில் போனைப் பிடித்தபடி, "குச்சி அக்கா, இது ரப்பர் கிண்ணமா, நிஜக் கிண்ணமா?" என்று கேட்டான். நான் என்ன என்று நிமிர்வதற்குள் கிண்ணத்தை என் நெற்றியில் எறிந்தான். புருவத்துக்கு மேல் மூன்று தையல். ரத்தம் கண்ணுக்குள் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. போகும்போது, "அந்த அம்மாவே எழுதியிருக்காங்க, போய்ப் பாரு" என்றான்.

என்ன எழுதினீர்கள், அக்கா? இவர்களை அனுப்பியது நீங்களா? என் முகவரியைப் பார்த்து எழுதி எடுத்தேன் என்கிறீர்கள். அதை ஓடவிட்டது யார்?

என் மேல் கோபம் இருந்தால் நீங்களே வந்து அடியுங்கள். வாங்கிக்கொள்கிறேன். முகம் தெரியாதவனை ஏவி விடாதீர்கள்.

சூஹோங்


லுவோயாங்
மார்ச் 27

சூஹோங்,

நான் எழுதியது ஒரு வரி. 'இந்தப் பெண் நான்தான். சிரிக்காதீர்கள்.' பெஞ்சில் இருந்த பெண்ணிடம் போனை வாங்கி எழுதினேன். அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும், வேறொன்றும் வேண்டியதில்லை எனக்கு. உன் பெயரை எழுதவில்லை. உன் பெயர் படத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாள் கடையையும் கண்டுபிடித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் என் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். 'அத்தைக்காக', 'அத்தைக்காக' என்று ஓடுகிறது. நான் பெற்றேனா இவர்களை?

இயக்குநர் காங்கின் முகவரியை ஒருவரும் ஓடவிடவில்லை. அதையும் கவனித்தேன்.

விடுதியில் ஜப்பான் மொழி படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். அந்த ஊர்க்காரர்களும் இந்தப் படத்தை இப்படித்தான் எழுதிக்கொண்டே பார்க்கிறார்களாம். காட்டினாள். அங்கே அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. 8888 என்று ஓடுகிறது. கைதட்டல் என்றாள். இங்கே சிரிப்பு, அங்கே கைதட்டல். இரண்டுக்கும் ஒரே கண்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அன்று ஏழு டேக் வீணானது. எட்டாவதுக்கு முன்னால் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். காங் உன்னை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது நீ என்னைப் பார்க்கவில்லை. பெல்ட் கட்டும்போதுகூட வாய் ஓயாதவள் நீ. அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டிக்குப் பின்னால் என்ன பேசினீர்கள்?

பிரம்புதான் என்று எழுதியிருக்கிறாய். பேனாவை அழுத்தி எழுதியதில் தாளில் ஓட்டை விழுந்திருக்கிறது.

கடையைக் கொஞ்ச நாள் மூடி வை. இதை அக்கறை என்று எடுத்துக்கொள்ளாதே.

குய்லிங்


ஜின்ஹுவா
ஏப்ரல் 30

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது முன்கை முறிந்துவிட்டது, இடது கையால் எழுதுகிறேன். போலீஸ் என்னை ஜாமீனில் விட்டிருக்கிறது. வழக்கு முடியும்வரை ஊரைத் தாண்டக் கூடாது. போனைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் சொன்னபடி மூடியிருக்க வேண்டும். மூடினால் தப்பு செய்தவள் என்று ஆகிவிடும் என்று ஜின்னிடம் வீம்பு பேசினேன்.

கல்லறை சுத்தம் செய்யும் நாள் அன்று, மத்தியானம். கடையில் கூட்டம். மூன்று பேர் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் நீளக் குச்சியில் போனை மாட்டிப் பிடித்திருந்தான். நேரடி ஒளிபரப்பு. பார்க்கிறவர்கள் எழுதுவது அவன் போனில் ஓடுகிறது, அவன் அதைச் சத்தம் போட்டு வாசிக்கிறான். வாசிப்பதை மற்ற இரண்டு பேர் செய்கிறார்கள். அவ்வளவுதான் அக்கா, அவர்களுக்கென்று ஒரு யோசனையும் கிடையாது.

"கண்ணாடி அலமாரியாம்!" அலமாரி நொறுங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள்.

"சாறுப் பானையாம்!" காலையிலிருந்து கொதிக்கிற எலும்புச் சாறு. பானையைக் கவிழ்த்தான். ஜின் அப்போது அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். இரண்டு பாதமும் வெந்துவிட்டன. அவர் அலறியதற்கும் அவன் போனைப் பார்த்து, "233ங்கிறாங்கடா" என்றான்.

"ஸ்டூலாம்!" தலையில் விழ வேண்டியதைக் கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அப்புறம் அவன் ஒரு நொடி நிறுத்தினான். ஓடியதை வாசிக்க அவனுக்கே கூச்சமாக இருந்திருக்கும். "கண்ணாம்," என்றான்.

பானையைக் கவிழ்த்தவன்தான், ஷ்யூ காய் என்று பின்னால் பெயர் தெரிந்தது, மேஜையிலிருந்து ஒரு பிடி சாப்பாட்டுக் குச்சியை எடுத்தான். குத்த வந்தானா, பயமுறுத்த வந்தானா, தெரியாது. கடைக் கதவை இழுத்து இறக்குகிற கொக்கிக் கம்பி என் இடது பக்கம் சாய்ந்திருந்தது. எடுத்தேன். இடது கைதான். ஆனாலும் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும், அக்கா. தெரிந்துதான் வீசினேன். வலது கண். கொக்கியோடு வெளியே வந்தது.

மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள். ஷ்யூ காய்க்கு இருபத்திரண்டு வயது. முகமூடிக்குள்ளேயே "அம்மா, அம்மா" என்று கத்தினான். தரையில் விழுந்த போனில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

போலீஸ்காரர் என் கையிலிருந்து கம்பியை வாங்கும்போது அதன் கனம் விட்டுப்போனதை உணர்ந்தேன். இனி உங்களிடம் பொய் சொல்ல முடியாது என்று அப்போது தெரிந்தது.

இரும்புதான்.

காங் சொன்னார், "உன் அக்கா அடி விழறதுக்கு முன்னாடியே உடம்பச் சுருக்கிடறா. ஏழு டேக் போச்சு. பாறையில பொறி பறக்க வெச்சமே, அந்த இரும்புக் கழிய எடு. தோள்ல ஒண்ணு போடு. அவகிட்ட மூச்சு விடாத. நாளையிலேருந்து ஹீரோயினுக்கு நீதான் டூப்." அது உங்கள் வேலை. தெரிந்துதான் தலையாட்டினேன். தோளுக்குத்தான் குறிவைத்தேன். நீங்கள் திரும்பிவிட்டீர்கள்.

ஜின் உங்களைப் பார்க்க வரப்போவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்கமாட்டார்.

சூஹோங்


லுவோயாங்
மே 9

சூஹோங்,

உன் வீட்டுக்காரர் வந்தார். பாதத்தில் கட்டோடு, பெரிய துணிச் செருப்பு மாட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க ரயிலில் நின்று வந்திருக்கிறார். விடுதி வாசலில், வகுப்புக்குப் போகிற பெண்கள் அத்தனை பேர் முன்னால், மண்டியிட்டார்.

"எழுந்திருங்க. கட்டெல்லாம் அவிழுது பாருங்க."

"நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேங்க."

அடி வாங்கியவன் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் உனக்கு ஜெயில் வருடம் பாதியாகக் குறையுமாம். அந்த ஷ்யூ காய், 'குய்லிங் அத்தை நேர்ல வந்து சொன்னா போடறேன், வேற யாரு சொன்னாலும் மாட்டேன்' என்றிருக்கிறான். அதற்காக வந்தார். நான் சரி என்று சொல்லவில்லை. பெண்கள் அவரைத் தூக்கி உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள்.

உன் கடை உடைந்ததை நான் பார்த்தேன், தெரியுமா? அந்த ஒளிபரப்பை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். நான்கு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவையிலிருந்து உன் கை முறிகிற இடம் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். முதல் தடவை அப்படி இல்லை. ஸ்டூல் உன் கையில் விழுந்தபோது, "இன்னொண்ணு போடு" என்றேன். வாய்விட்டு. பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நீ உண்மை எழுதியிருக்கிறாய். முழுசாக எழுதவில்லை.

நான் திரும்பினேன், சரி. உன் கால் சரளைக் கல்லில் சறுக்கிய சத்தம் கேட்டது. நீ விழப்போகிறாய் என்று நினைத்துத் திரும்பினேன். தோள் இருக்க வேண்டிய இடத்துக்கு என் முகம் வந்தது. அதை நீ பார்த்தாய். இரண்டு கண்ணாலும் நான் கடைசியாகப் பார்த்தது உன் முகம். அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்ததற்கும் கழி வந்ததற்கும் நடுவில் நேரம் இருந்தது. அடுத்தவர்களுக்கு அது நேரமே இல்லை. நமக்கு அது நிறைய. வாத்தியார் என் நெற்றிக்கு ஒரு விரல் தூரத்தில் உன் கழியை நிறுத்தப் பழக்கினார். முட்டையை என் தலையில் வைத்து, ஓடு உடையாமல் தொட்டு நிறுத்துவாய். இரும்புக் கழியிலும் செய்திருக்கிறாய்.

ஏன் நிறுத்தவில்லை?

அந்தப் பையனைப் போய்ப் பார்ப்பேனா மாட்டேனா என்பது உன் பதிலில் இருக்கிறது. பொய் எழுதினால் எனக்குத் தெரியும்.

குய்லிங்


ஜின்ஹுவா
மே 21

அக்கா,

ஜின் பக்கத்தில் உட்கார்ந்து, "நேரம் இல்லை, நிறுத்த முடியலைன்னு எழுது. யாரு பார்த்தா? எழுதும்மா" என்று கெஞ்சினார். அப்படி ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு அதைக் கிழித்தேன்.

நிறுத்தியிருக்க முடியும்.

உங்கள் மேல் பொறாமை, அதனால்தான் அடித்தேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிவந்தேன். அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். அன்று எனக்கு உங்கள் மேல் எதுவும் இல்லை. எட்டாவது டேக், கேமரா ஓடுகிறது. நீங்கள் திரும்பியது தெரிந்தது. முகம் என்று தெரிந்தது, உங்கள் முகம் என்று தெரிந்தது. நிறுத்தினால் இந்த டேக்கும் போய்விடும், காங் வேறு யாரையாவது கூப்பிடுவார் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன். கை போனது.

காங் "ஓகே!" என்று கத்தினார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, அக்கா. அதற்குப் பிறகுதான் உங்கள் அலறல் என் காதில் விழுந்தது.

மறுநாள் ஹீரோயினின் உடையைப் போட்டுக்கொண்டு குதிரையிலிருந்து குதித்தேன். உங்கள் அளவுக்குத் தைத்தது. இடுப்பில் ஊசி குத்திச் சரிசெய்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் அந்தப் பிள்ளையிடம் போக வேண்டியதில்லை. ஜின்னிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

சூஹோங்


லுவோயாங்
ஜூன் 17

சூஹோங்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு சாவிப் பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கி வாசலில் எறிந்தேன். நூற்றி அறுபது சாவி. பெண்கள் பொறுக்கினார்கள். பத்து நாள் உன் கடிதத்தை எரிக்க எடுப்பேன், திரும்ப வைப்பேன். பதினோராவது நாள் ரயில் ஏறினேன்.

ஷ்யூ காய் யிவூவில் ஒரு பொம்மைக் கிடங்குக்கு மேல் அம்மாவோடு இருக்கிறான். பார்சல் ஒட்டுகிற வேலை, இப்போது அதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பாதி முகம் பஞ்சு.

"அத்தை, உங்களுக்காகத்தான் போனேன்."

"நான் கூப்பிட்டேனா?"

 அவன் அம்மா எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"அந்தக் காட்சிய முதல் தடவை பார்த்தப்ப நீ என்ன எழுதின?"

தலையைத் தொங்கப்போட்டான். "சொல்லேன்டா," என்றாள் அம்மா.

"233. நாலு தடவை போட்டேன். அப்புறம் நீங்க எழுதினது ஓடிச்சு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியலை அத்தை. எல்லாரும் அவ கடைக்குப் போகணும்னு எழுதினாங்க. போய் உடைச்சா சரியாயிடும்னு நினைச்சேன்."

எழுந்து அறைந்தேன். காயம் இல்லாத கன்னத்தில், முழு பலத்தோடு. சுவரில் போய் மோதினான். அவன் அம்மா தடுக்கவில்லை. எனக்குப் போட்டுக் கொண்டுவந்த டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

அவன் அழுதான். "அழாதடா, தையல் எரியும்," என்றேன். எரிகிறது என்றான். பஞ்சை எடுத்துப் பார்த்தேன். சரியாகத் துடைக்கவில்லை, ஓரமெல்லாம் சீழ். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் துடைக்க வேண்டும் என்று அவன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். படி இறங்கும்போது பாதத்தால் விளிம்பைத் தேடு, டம்ளரில் ஊற்றும்போது கெண்டி மூக்கை டம்ளர் மேல் முட்டவைத்துக்கொண்டு ஊற்று என்றேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வருடம் கையெல்லாம் வெந்நீர்க் காயம்.

பிறகு உன் கடிதத்தை அவனிடம் வாசித்தேன். "ஓகே" வரைக்கும், அதற்குப் பிந்திய சந்தோஷம் வரைக்கும்.

"அப்ப அவங்க தெரிஞ்சேதான் அடிச்சாங்களா?"

"ஆமா."

"அப்புறம் நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

"அவ என்னை அடிச்சது எனக்கும் அவளுக்கும். அதுல உனக்கு ஒரு வேலையும் இல்லை. அவ புருஷன் கால்ல கொதிக்கிற சாறை ஊத்தினது நீ. அதுக்குப் போடு."

ரொம்ப நேரம் ஒரு கண்ணால் என் ஒரு கண்ணைப் பார்த்தான். பிறகு பேனா கேட்டான்.

தாளை ஜின்னிடம் கொடுத்துவிட்டேன். தீர்ப்பில் உனக்கு எத்தனை வருடம் ஜெயில் ஆகிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன்னால் அதை முழுசாகப் படித்தேன். 'பாதிக்கப்பட்டவர் மனப்பூர்வமாக மன்னிக்கிறார்' என்று இருக்கிறது. கீழே ஷ்யூ காயின் பெயர், அடையாள எண், சிவப்பு மையில் அவன் விரல் ரேகை. என் பெயர் அதில் எங்கும் இல்லை. இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

குய்லிங்